மக்காச்சோளமும் நெல்லும்: சென்னை வட்டாரத்தில் தாவர உள்ளமைப்பு கற்பித்த வரலாறு

தாவரத்தின் உடலை அறுத்துப் பார்த்து, அதன் ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று மாணவருக்குக் காட்டும் பாடம் சென்னை மாகாணத்தில் முறையாகத் தொடங்கி 170 ஆண்டுகளுக்கு மேலாகிறது. மருத்துவக் கல்லூரியில் தொடங்கி, கலைக் கல்லூரிகளுக்கும் வேளாண்மைக் கல்லூரிக்கும் பரவி, கடைசியில் மேல்நிலைப் பள்ளியின் செய்முறை அறைக்கு வந்து சேர்ந்தது. இந்த வரலாற்றில் பேராசிரியர்களின் பெயர்களையும் நூல்களின் ஆண்டுகளையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: மாணவரின் கையில் இருந்தது எந்தச் செடி? பாடம் எப்போதெல்லாம் உயிர் பெற்றது, எப்போதெல்லாம் மனப்பாடமாகச் சுருங்கியது என்பது பெரும்பாலும் இந்தக் கேள்விக்கான விடையில் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துச் செவ்வாப்பேட்டை இதைப் பார்க்கத் தகுந்த இடம். 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம்–வாலாஜா ரோடு ரயில்பாதை இந்தப் பகுதியின் வழியாகத்தான் போகிறது. கல்லூரிகள் நிறைந்த சென்னை அந்தப் பாதையின் ஒரு முனை. ஊருக்குப் பக்கத்தில் திரூரில், நாடு முழுவதும் அறியப்பட்ட ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

பாடநூலும் நுண்ணோக்கியும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தாவரத்தின் உள்ளமைப்பைப் பற்றிய அறிவு தமிழகத்தில் இருந்தது. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உட்புறம் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. பனை, தென்னை, கமுகு, மூங்கில் எல்லாம் இந்தக் கணக்கில் புல். இலையையோ பூவையோ பார்த்துச் செய்த பாகுபாடு அல்ல இது. வெட்டிய தண்டின் குறுக்குமுகத்தைப் பார்த்துச் செய்தது. இன்றைய தாவரவியல் ஒருவித்திலை, இருவித்திலை என்று பிரிக்கும்போது தண்டைப் பற்றிச் சொல்வதோடு இது பெரிதும் ஒத்துப்போகிறது. பனையில் நீரும் உணவும் செல்லும் குழாய்க் கற்றைகள் விளிம்பை நோக்கி நெருங்கி, கடினமான நாருறையோடு நிற்கின்றன. நடுவில் இருப்பது மென்மையான சோறு. தேக்கிலும் வேம்பிலும் ஆண்டுதோறும் புதுக்கட்டை வெளிப்புறம் சேர, பழைய கட்டை உள்ளே இறுகி வைரமாகிறது. பனஞ்சட்டம் அறுப்பவர் உட்புறத்தைக் கழித்துவிட்டு வெளிவட்டத்தை எடுப்பதும், தச்சர் வெளிமரத்தை ஒதுக்கி வைரத்தைத் தேடுவதும் இதே அறிவின் கைத்தொழில் வடிவங்கள். பாளையை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிப் பதநீர் இறக்கும் பனையேறிகள், இலையில் உண்டான சர்க்கரை எந்த வழியாகக் கீழிறங்கிப் பாளைக்கு வருகிறதோ அந்த வழியைத் திறந்து வைக்கிறார்கள். இவை தலைமுறை தலைமுறையாகக் கையோடு கைமாறின. ஆனால் வகுப்பறைப் பாடத்தைத் தொடங்கியவர்கள் இந்த அறிவிலிருந்து தொடங்கவில்லை.

அவர்கள் மருத்துவர்கள். சென்னை மருத்துவக் கல்லூரி 1835-இல் பள்ளியாகத் தொடங்கியது. அக்காலத்து மருந்துகளில் பெரும்பங்கு செடிகளிலிருந்தே வந்தன. ஆகவே மருந்துப் பொருளியலோடு தாவரவியலும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டது. 1852-இல் அந்தப் பேராசிரியர் பதவிக்கு வந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஹியூ கிளெக்ஹார்ன். பின்னாளில் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் என்று பெயர் பெற்றவர் இவரே. 1835-இல் தொடங்கப்பட்ட வேளாண்–தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் வளர்ந்த செடிகளுக்கு 1853-இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். பாடம் நடத்த உயிருள்ள செடி வேண்டும், அது நகரத்திலேயே கிடைக்க வேண்டும் என்ற தேவைக்கு அந்தத் தோட்டம் ஒரு விடையாக இருந்தது.

கிளெக்ஹார்னுக்கு முன்னோடி ராபர்ட் வைட். அறுவை மருத்துவராக வந்த வைட், 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட கிழக்கிந்தியத் தாவரப் படநூலில் 2,101 படங்கள் இருக்கின்றன. இந்தப் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள். தாவர உள்ளமைப்புக் கல்வியின் வரலாற்றில் இவ்விருவருக்கும் உரிய இடம் இன்னும் முழுமையாகக் கொடுக்கப்படவில்லை. படத்தாளின் பெரும்பகுதியில் கிளையும் இலையும் பூவும் இருக்கும்; அடிப்பகுதியில் வரிசையாகச் சிறு படங்கள் இருக்கும்: பிரித்து வைத்த பூ, மகரந்தப்பை, நெடுக்காக அறுத்த சூலகம், குறுக்காக அறுத்த சூலகம், விதை, விதைக்குள் இருக்கும் கரு. கண்ணுக்கு அரிதாகவே தெரியும் சூலகத்தை அறுத்து, உருப்பெருக்கியில் பார்த்து, அறைகள் எத்தனை, சூல்கள் எந்தச் சுவரில் ஒட்டியிருக்கின்றன என்று பிழையில்லாமல் வரைவது பயிற்சி பெற்ற தாவரவியலாளருக்கே கடினமான வேலை. ஆங்கிலத் தாவரவியல் கல்லூரி எதிலும் படிக்காத கலைஞர்கள் அதைச் செய்து முடித்தார்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் கோவிந்துவின் பெயரை வைத்தார். கிளெக்ஹார்னுக்கும் கோவிந்து படங்கள் வரைந்து கொடுத்தார். உள்நாட்டுச் செடியை அறுத்து அதன் உட்புறத்தைத் தாளில் பதித்த முதல் பெருந்தொகுப்புகளில் ஒன்று இப்படித் தென்னிந்தியாவில் உருவானது.

மாணவர் கையில் போன பாடநூல் வேறு வழியாக வந்தது. கியூ தோட்டத்தின் டேனியல் ஆலிவர் 1869-இல் இந்தியாவுக்கென ஒரு தொடக்கநிலைத் தாவரவியல் நூலை வெளியிட்டார். இங்கிலாந்து மாணவர்களுக்கு அவர் முன்பு எழுதிய நூலைத் தழுவியது அது. அந்த முந்தைய நூலோ ஹென்ஸ்லோ என்ற பாதிரியார் விட்டுச்சென்ற குறிப்புகளின்மேல் எழுந்தது. சார்லஸ் டார்வினின் ஆசிரியரான ஹென்ஸ்லோ, ஹிட்சம் என்ற சிற்றூரின் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூவைப் பிரித்து, பாகங்களை எண்ணி, வரிசையாக எழுதக் கற்றுக்கொடுத்தவர். பிள்ளைகள் தங்கள் ஊர் வேலியோரத்தில் பறித்துவந்த பூக்களே அங்கே பாடப்பொருள். அவர் முறையின் சாரமே அதுதான். ஆலிவரின் இந்திய நூல் செடிகளின் பெயர்களை மாற்றித் தந்தது; ஆனால் வேலியோரத்தை அது தர முடியாது. அதை உள்ளூர் ஆசிரியரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதே காலத்தில் ஐரோப்பாவில் பாடத்தின் அச்சே மாறிக்கொண்டிருந்தது. செடியின் பெயரும் குடும்பமும் என்பதிலிருந்து, செடி எப்படி வாழ்கிறது என்பதற்குக் கவனம் நகர்ந்தது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் பேராசிரியர் யூலியுஸ் ஸாக்ஸ் எழுதிய பெரும் பாடநூல் உள்ளமைப்பையும் செயலியலையும் ஒன்றாகக் கட்டியது. இலையில் மாவுப்பொருள் உருவாக ஒளி தேவை என்பதை அயோடின் கொண்டு காட்டும், இன்றும் பள்ளிகளில் நடக்கும் சோதனை அவரது ஆய்வுகளிலிருந்து வந்ததே. ஸாக்ஸின் நூலில் குழாய்க் கற்றையை விளக்கும் படங்களில் மக்காச்சோளமும் ஆமணக்கும் இடம்பெற்றன. நூல்கள் கடல் தாண்டியபோது எடுத்துக்காட்டுகளும் கூடவே வந்தன. ஆமணக்கு இங்கே வேலிதோறும் வளர்வது. ஆனால் பிற்காலப் பாடத்தில் நிலைத்தவை மக்காச்சோளமும் சூரியகாந்தியும்தான். சூரியகாந்திக்கு அதைவிடப் பழைய கதை உண்டு. இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ், தொட்டியில் வளர்ந்த சூரியகாந்தியைக் காலையிலும் மாலையிலும் நிறுத்து, அது இலை வழியாக இழக்கும் நீரை அளந்து 1727-இல் வெளியிட்டார். நீராவிப்போக்குப் பாடத்தின் மூலம் அந்த எடைக்கணக்கே.

இந்தப் புதிய தாவரவியலைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர்களில் பிலிப் ஃபர்லி ஃபைசன் முதன்மையானவர். 1904-இல் மாநிலக் கல்லூரிக்கு வந்த ஃபைசன், 1912-இல் இந்திய மாணவருக்கென ஒரு தாவரவியல் நூலை வெளியிட்டார். நீலகிரி, பழனி மலைகளின் உச்சித் தாவரங்களைப் பற்றிய அவரது நூல் 1915 முதல் வந்தது. 1919-இல் அவர் தொடங்கிய இந்தியத் தாவரவியல் இதழ், அடுத்த ஆண்டு உருவான இந்தியத் தாவரவியல் சங்கத்தின் இதழாயிற்று. அவரிடம் பயின்ற எம். ஓ. பார்த்தசாரதி அய்யங்கார் பின்னர் பாசிகளின் ஆய்வில் உலகப் புகழ் பெற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்றார். 1932-இல் அவர் விவரித்த ஃப்ரிட்ஷியெல்லா என்ற பாசி, படர்ந்த பகுதி ஒன்றும் நிமிர்ந்த பகுதி ஒன்றுமாக இருவகை உடல் கொண்டது. நிலத்தாவரங்களின் உடல் எப்படித் தோன்றியிருக்கும் என்ற பாடத்தில் அது உலகெங்கும் பேசப்பட்டது. குயின் மேரிஸ் கல்லூரியில் படித்து, 1921-இல் மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து, சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்த ஜானகி அம்மாளும் இந்த மரபில் வந்தவரே.

கோவையில் நடந்தது இதற்கு இணையான, இன்னும் மண்ணோடு ஒட்டிய வேலை. சைதாப்பேட்டையில் 1865-இல் தொடங்கிய அரசுப் பண்ணையைச் சார்ந்து பின்னர் வேளாண்மைப் பள்ளி ஏற்பட்டது; அந்தக் கல்வி 1906-இல் கோவைக்கு மாறியது. அங்கே தாவரவியல் கற்பித்த கே. ரங்காச்சாரி 1916-இல் இந்தியாவுக்கான தொடக்கநிலைத் தாவரவியல் கையேட்டை எழுதினார். 1921-இல் தாடுலிங்க முதலியாரின் துணையோடு தென்னிந்தியப் புற்களைப் பற்றிய கையேடு வந்தது. வயல் வரப்பிலும் தரிசிலும் மிதிபடும் புற்களின் வேர், தண்டு, இலை ஆகியவற்றைக் குறுக்காக அறுத்து, அவற்றின் திசுக்களை அந்நூல் படம்படமாகக் காட்டியது. வேளாண் மாணவருக்கு இதன் பயன் பெரிது. வறட்சியில் புல்லின் இலை ஏன் சுருள்கிறது, ஆடு கடித்த பிறகும் அது எங்கிருந்து துளிர்க்கிறது என்ற கேள்விகளுக்கு விடை அந்த உள்ளமைப்பில்தான் இருக்கிறது. சென்னை வட்டாரச் செடிகளை அடையாளம் காண 1929-இல் அரசு அருங்காட்சியகம் வெளியிட்ட மயூரநாதனின் நூலும் மாணவர்களுக்குத் துணையானது.

நூல் எதுவாயினும் பாடம் உறுதிப்பட்ட இடம் செய்முறை அறை. குறுக்குவெட்டு எடுக்கும் முறை நூறாண்டாகப் பெரிதும் மாறவில்லை. இளந்தண்டின் ஒரு துண்டை, பிளந்த கேரட் அல்லது உருளைக்கிழங்கின் நடுவே வைத்து இடதுகையில் பிடிக்க வேண்டும். ஈரமான பிளேடை ஒரே வீச்சில் தன்பக்கம் இழுக்க வேண்டும். அறுத்த சீவல்களைக் கண்ணாடிக் கிண்ணத்து நீரில் மிதக்கவிட்டு, அவற்றில் மிக மெல்லியதைத் தூரிகையால் எடுத்து, சாஃப்ரனின் சாயத்தில் இட்டு, மிகைச்சாயம் கழுவி, ஸ்லைடில் ஒரு துளி கிளிசரின் வைத்து, காற்றுக்குமிழி புகாமல் கவர்ஸ்லிப்பால் மூட வேண்டும். லிக்னின் என்ற கடினப்பொருள் ஏறிய, நீர் கடத்தும் சைலம் குழாய்கள் சிவந்து தெரியும்; சுவர் மெல்லிய பாரன்கைமா செல்கள் வெளிறி நிற்கும். சூரியகாந்தித் தண்டில் கற்றைகள் வளையமாக அமைந்திருக்கும். மக்காச்சோளத் தண்டில் சிதறிக் கிடக்கும். பார்த்ததைப் பென்சிலால் வரைந்து, பாகம் குறித்து, ரெக்கார்டு நோட்டில் ஏற்றினால் அன்றைய வகுப்பு முடியும். சாயம் ஏறிய கற்றையை முதன்முறை நுண்ணோக்கியில் பார்க்கும் மாணவருக்கு, தண்டு என்பது வெறும் குச்சி அல்ல, வேலை நடக்கும் கட்டடம் என்று புரிகிறது. இந்த ஒரு வகுப்புக்கு ஈடாக எந்த விளக்கமும் இல்லை.

செயலியல் சோதனைகளில் உள்ளூர்ச் செடிகள் எளிதாக நுழைந்துவிட்டன. சாறேற்றத்தைக் காட்டக் காசித்தும்பைக் கன்றை வேரோடு சிவப்புச் சாயநீரில் வைக்கிறார்கள்; அதன் தண்டு ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் செங்கோடுகள் மேலேறுவது வெளியிலிருந்தே தெரியும். ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளிவருவதைக் காட்ட ஐரோப்பிய வகுப்புகள் எலோடியா என்ற நீர்ச்செடியைப் பயன்படுத்தின. இங்கே ஏரிகளிலும் குளங்களிலும் கிடைக்கும் வேலம்பாசி, அதாவது ஹைட்ரில்லா, அந்த இடத்தைப் பிடித்தது. முகவையில் புனலைக் கவிழ்த்து, மேலே நீர் நிரம்பிய சோதனைக்குழாயை வைத்து, வெயிலில் குமிழிகளை எண்ணும் இந்தச் சோதனை, 1779-இல் இங்கென்ஹவுஸ் நீரில் மூழ்கிய இலைகளில் குமிழிகளைக் கண்டதன் வழித்தோன்றல்.

உள்ளமைப்பியலைச் சென்னையில் உலகத் தரத்து ஆய்வாக உயர்த்தியவர் பி. ஜி. எல். சுவாமி. கன்னட எழுத்தாளர் டி. வி. குண்டப்பாவின் மகனான இவர் அமெரிக்காவின் ஹார்வர்டில் தாவரவியலாளர் ஐ. டபிள்யூ. பெய்லியோடு பணியாற்றினார். பூவின் சூலக இலை, நடுவில் மடிந்து மூடிய இலையைப் போன்ற அமைப்பிலிருந்து எப்படிச் சிறப்படைந்தது என்பதைப் பற்றி இருவரும் 1951-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. 1950-களில் மாநிலக் கல்லூரிக்கு வந்த சுவாமி, ஆய்வாளராக இருந்த அளவுக்கு ஆசிரியராகவும் இருந்தார். மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துச்சென்ற பயணங்களைப் பற்றி அவர் கன்னடத்தில் எழுதிய ‘ஹசுரு ஹொன்னு’ 1978-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தாவரவியல் வகுப்பைப் பற்றிய ஒரு நூலுக்கு இலக்கிய விருது கிடைத்தது அரிதான நிகழ்வு. காட்டுச் செடியின் முன் நின்று நடத்திய பாடத்தின் ஆற்றல் அதில் தெரிகிறது.

தமிழில் இப்பாடத்தைக் கற்பிக்கும் முயற்சி தனி இழையாக வளர்ந்தது. 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களுக்கென ஓர் இதழைத் தொடங்கினர். 1934-இல் அமைந்த சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் கலைச்சொல் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியம் தாவரவியல் கட்டுரைகளை நல்ல தமிழில் தந்தது. பின்னர் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரி நூல்களையும் வெளியிட்டது. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது, அதுவரை கல்லூரி வாசலுக்குள் இருந்த குறுக்குவெட்டும் செயலியல் சோதனையும் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு வந்தன. இது பெரிய மாற்றம். ஆனால் பல பள்ளிகளில் நுண்ணோக்கிகள் குறைவு. தேர்வு நாளில் பார்த்து அடையாளம் சொல்வதற்கென ஆயத்த ஸ்லைடுகள் போதும் என்றாயிற்று. கையேட்டைப் பார்த்து வரைந்த படமே ரெக்கார்டு நோட்டை நிரப்பத் தொடங்கியது.

கண்முன் நிற்கும் செடியை அறுத்துப் பார்க்காத இந்தக் குறை செவ்வாப்பேட்டை வட்டாரத்தில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இங்கே சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்களிலும் நெல் விளைகிறது. திரூர்க்குப்பம் என்ற ஊர்ப்பெயரின் சுருக்கமாக டி.கே.எம். என்று பெயர் தாங்கிய நெல் ரகங்கள் இங்குள்ள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவை. 1952-இல் வெளியான டி.கே.எம். 6, கோவையில் உருவான ஜி.இ.பி. 24, கோ 18 என்ற இரு ரகங்களின் கலப்பு. தண்டுத்துளைப்பான் என்ற பூச்சியை எதிர்த்து நிற்கும் தன்மைக்காகப் பிலிப்பைன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதைக் கலப்புக்கு எடுத்தது. 1969-இல் வெளியான ஐ.ஆர். 20 அதன் வாரிசு. தமிழ்நாட்டின் சம்பா வயல்களை ஐ.ஆர். 20 நிறைத்த காலம் ஒன்று இருந்தது.

தண்டுத்துளைப்பானின் கதையே ஒரு முழு உள்ளமைப்பியல் பாடம். புழு தண்டுக்குள் புகுந்து உட்திசுவைத் தின்கிறது. தூர்கட்டும் பருவத்தில் புகுந்தால் குருத்துக்கு நீர் போகும் சைலம் அறுபட்டு நடுக்குருத்து காய்கிறது. சுற்றியுள்ள இலைகள் பச்சையாகவே இருக்கும். கதிர் வெளிவரும்போது புகுந்தால் கதிரின் அடியில் வழி துண்டாகி, மணி பிடிக்காமல் வெண்கதிராக நிமிர்ந்து நிற்கும். இலை செய்த உணவு புளோயம் வழியாக மணிக்கு வந்து சேர்வதைத்தான் உழவர் பால் பிடித்தல் என்கிறார்கள். அதில் பெரும்பங்கு மேலே நிற்கும் கண்ணாடி இலையின் உழைப்பு. இந்தப் பூச்சியை நெல் எதிர்ப்பதற்குத் தண்டின் உட்குழியின் குறுக்கம், லிக்னின் ஏறிய திசுவடுக்குகள், மேல்தோலில் படியும் சிலிக்கா ஆகியவை துணைசெய்வதாக ஆய்வுகள் கண்டன. டி.கே.எம். 6-இல் புழுவின் வளர்ச்சியைத் தடுக்கும் வேதிப்பொருளும் சேர்ந்துகொள்கிறது. ஒரு வெண்கதிரைப் பிடுங்கித் தண்டை நெடுக்காகப் பிளந்து காட்டினால் சைலம், புளோயம் என்ற சொற்களுக்குப் பொருள் உடனே விளங்கிவிடும்.

மக்காச்சோளத் தண்டைக் கொண்டு ஒருவித்திலைத் தாவரத்தைக் கற்ற மாணவர் நெல்லை அறுத்தால் குழப்பமே மிஞ்சும். மக்காச்சோளத் தண்டு உள்ளே நிறைந்தது, கற்றைகள் எங்கும் சிதறியவை. நெல்லின் கணுவிடையோ உள்ளீடற்றது. அதன் கற்றைகள் சுவருக்குள் இரண்டு வளையங்களாக, வெளியே சிறியவையும் உள்ளே பெரியவையுமாக அமைகின்றன. வேரின் புறணியில் செல்கள் சிதைந்து காற்றறைகள் உண்டாகின்றன. இலை உறையிலிருந்து தண்டு வழியாக வரும் காற்று அவற்றின் மூலம் சேற்றில் மூழ்கிய வேர்நுனிக்குப் போகிறது. நீர் தேங்கிய நிலத்தில் மற்றப் பயிர்கள் அழுகும்போது நெல் நிற்பது இதனால். ஒளிச்சேர்க்கையிலும் இரண்டும் வெவ்வேறு வழி: மக்காச்சோள இலையில் கற்றையைச் சுற்றிப் பெரிய உறைச்செல்கள் மாலையாகச் சூழ்ந்து கார்பன் டைஆக்சைடைச் செறிவாக்குகின்றன, நெல்லில் அந்த ஏற்பாடு இல்லை. இரண்டையும் அருகருகே வைத்து அறுத்தால், ஒருவித்திலை என்ற ஒரே பெயருக்குள் வாழ்க்கை முறைக்கு ஏற்ப உடல் எவ்வளவு மாறுகிறது என்பது தெரியும். மக்காச்சோளத்தை நீக்கவே வேண்டியதில்லை; நெல்லைச் சேர்த்தாலே போதும்.

திரூரில் இப்போது ஆராய்ச்சி நிலையத்தோடு வேளாண் அறிவியல் நிலையமும் இயங்குகிறது. 2015-இல் டி.கே.எம். 13 வெளியானது. வகுப்பறையிலோ, 2018-இல் வந்த புதிய பதினோராம் வகுப்புத் தாவரவியல் நூல் முந்தைய நூல்களைவிட விரிவானது, வண்ணப்படங்கள் மிகுந்தது. உள்ளமைப்பியல் பகுதியில் வேருக்கு அவரையும் மக்காச்சோளமும், தண்டுக்குச் சூரியகாந்தியும் மக்காச்சோளமும், ஒருவித்திலை இலைக்குப் புல்லும் எடுத்துக்காட்டுகளாக இருக்கின்றன. நெல் பன்னிரண்டாம் வகுப்பில், பொருளாதாரப் பயனுள்ள தாவரங்களின் வரிசையில், உணவுப் பயிராக வருகிறது.